பெங்களூரில் இருந்து ஒரு மஞ்சள் மலைப்பாம்பு: வாங்கலாமா?

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து முப்பது வயதை ஒட்டிய வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஊரில் மாந்தோப்பு, கொஞ்சம் ஆடுகள், அப்பா, அம்மா, மனைவி, மூன்று வயது மகள். சிறுவயது முதலே பாம்புகள் மீது ஆசை. யார் வீட்டில் சாரை புகுந்தாலும் ஊரார் இவரைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

மைத்துனர் மூலம் பெங்களூர்க்காரர் ஒருவர் அறிமுகமாகியிருக்கிறார். அவரிடம் மஞ்சள் நிறப் பர்மிய மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது. பிறந்து ஒரு வருடம்; ஐந்தடி நீளம்; விலை 45,000 ரூபாய். இதில் 5,000 ரூபாய் முன்பணமாகப் போய்விட்டது. ‘வெளிநாட்டு இனம், நம் சட்டத்தில் வராது, சான்றிதழும் தருகிறேன்’ என்கிறார் விற்பவர். மாங்காய் அடுக்கும் கொட்டகையில் ஆறடிக்கு மூன்றடிக் கூண்டு அடிக்க ஆள் பேசியாகிவிட்டது. வாரம் ஒருமுறை பிராய்லர் கோழிக்கால் போட்டால் போதும், கூண்டின் அளவுக்கு மேல் வளராது, நஞ்சும் கிடையாது, முடியாமல் போனால் அஞ்செட்டிக் காட்டில் விட்டுவிடலாம் என்பது வாசகரின் கணக்கு. மனைவிக்குச் சம்மதம் இல்லை. அம்மாவோ, நாகம்மாவே வீட்டுக்கு வருகிறாள் என்று கற்பூரம் ஏற்றத் தயாராக இருக்கிறார். பெங்களூர்ப் பாம்பு சரிவராவிட்டால், தோப்பின் ஓடைப்பக்கம் அவ்வப்போது கண்ணில் படும் நாட்டு மலைப்பாம்பையே பிடித்து வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டு கேள்விக்கும் என் பதில் ‘வேண்டாம்’தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் நான்கு பக்கத்துக்கு மரியாதை செய்ததாகாது. பாம்பென்றதும் தடி தேடும் ஊரில், அதை உயிரோடு ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுகிற ஆள் நீங்கள். அந்த அக்கறையை நம்பித்தான் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

பாம்பு எப்படி வீட்டுக்குள் வரும் என்பதைக் கூண்டின் கீல் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அது பன்னிரண்டு அடியாகி, உங்களால் முடியாமல் போகிற நாளில் எங்கே போகும் என்பதற்குக் கடிதத்தில் இருப்பது ‘அஞ்செட்டி’ என்ற ஓர் ஊர்ப்பெயர் மட்டும். பர்மிய மலைப்பாம்பு நல்ல பராமரிப்பில் இருபது, இருபத்தைந்து வருடம் வாழக்கூடியது. இன்று மூன்று வயதான உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அந்தக் கொட்டகையில் இருக்கும். நடுவில் உங்களுக்கு இடமாற்றம் வரலாம், தோப்பு பாகம் பிரியலாம், முதுகு பிடித்துக்கொள்ளலாம். அப்போது இந்தப் பாம்பை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? உயிரியல் பூங்காக்கள் வீட்டில் வளர்ந்த மலைப்பாம்பைத் தேடி அலையவில்லை. முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். முன்பணம் கொடுத்துவிட்டதால் அதுதான் அவசரம்.

வெளிநாட்டுப் பாம்பு, சட்டம் இல்லை என்ற பேச்சு

நான் கால்நடை மருத்துவன், வழக்கறிஞன் அல்ல. ஆனால் வனத்துறை மீட்டுக் கொண்டுவரும் விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்ததில் இந்தச் சட்டத்தோடு பழக வேண்டியிருந்தது. விற்பவர் சொன்னதன் அடிப்படையே பிழை. பர்மிய மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலங்களின் காடுகளிலும் இயல்பாக வாழ்கிற பாம்பு. உங்கள் ஓடைப்பக்கத்து இந்திய மலைப்பாம்பைப் போலவே அதுவும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. மஞ்சள் நிறம் பிறவியில் நிறமி குறைந்ததால் வந்தது. அதனால் இனம் மாறிவிடாது, சட்டமும் மாறிவிடாது.

முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. இதில் பலருக்குத் தெரியாத இடம் 57ஆம் பிரிவு. விலங்கு உங்கள் கைவசம் இருந்தது என்று நிரூபணமானால், முறையாகத்தான் வைத்திருந்தேன் என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. ‘நம்பி வாங்கினேன் ஐயா’ என்ற விளக்கம் அங்கே அதிக தூரம் ஓடாது. பெட்டியில் வைத்து ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் அனுமதியின்றிக் கொண்டுசென்றது தனிக் குற்றம், வண்டியும் பறிமுதலாகலாம். அது யார் வண்டி என்று கடிதத்தில் சொல்லவில்லை. மைத்துனருடையது என்றால் வீட்டில் இன்னொரு சண்டைக்கும் தயாராக வேண்டியிருக்கும்.

‘சான்றிதழ்’ என்பது எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: கணினியில் அடித்த ஒரு தாள், வட்ட முத்திரை. சட்டம் கேட்பது வேறு. நம் நாட்டில் இயல்பாக இல்லாத, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் தவணை. புதிதாகப் பெறுவோருக்கு முப்பது நாள். ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு இந்த வகையில் வரும். அது நான்கு, ஐந்து அடியோடு நின்றுவிடும் சின்னப் பாம்பு. ‘அப்படியானால் அதை வாங்கிக்கொள்கிறேன்’ என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். 2023 ஜூலையில் கோலாலம்பூரில் இருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. சந்தையில் சுற்றும் பாம்புகள் எந்த வழியில் வருகின்றன என்பதற்கு அது ஒன்றே போதும். பதிவு எண், முந்தைய உரிமையாளரின் பதிவு, கைமாறியதற்கான ஆவணம் இவையெல்லாம் பாம்புக்கு முன்னால் உங்கள் கைக்கு வரவேண்டும். பாம்பு வந்த பிறகு வரும் காகிதத்தை நம்பாதீர்கள்.

ஆகவே 5,000 ரூபாயை மறந்துவிடுங்கள். திருப்பிக் கேட்டுப் பெங்களூருக்குப் போகவேண்டாம், ‘ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்’ என்றும் போகவேண்டாம். பேசிய செய்திகளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதானால் அவர் வழியாகக் கொடுப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

நஞ்சு இல்லை, சரி

மலைப்பாம்புக்கு நஞ்சு இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் ஆயுதம் உடம்பு முழுக்க இருக்கிறது. இரையை நெரித்து மூச்சை நிறுத்தித்தான் கொல்கிறது என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். நெரிக்கும் பாம்பான போவாவை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன்பே இரத்த ஓட்டம் தடைபட்டுவிடுவதைக் காட்டியது. இரை சில நொடிகளில் நினைவிழக்கிறது. கத்திக் கூப்பிட நேரம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மேலுதட்டை உற்றுப் பாருங்கள். வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். சூடான உடம்பை இருட்டிலும் கண்டுகொள்ளும் உறுப்புகள் அவை. கோழியைத் தொட்ட கையோடு கூண்டைத் திறந்தால், வாசனையும் கோழி, சூடும் கோழி. அந்தக் கை சோறு போடும் கை என்பது அதற்குக் கணக்கில்லை. மீட்டு வந்த பத்தடிப் பாம்பு ஒன்றுக்குச் சிகிச்சை முடிந்து உதவியாளர் முயல் போடப் போனார். ஒரு நொடிக்கு முன் அசையாமல் கிடந்தது. அடுத்த நொடியில் அவர் கையில் இருந்த இடுக்கியைக் கவ்வி, அதைச் சுற்றி இரண்டு சுருள் போட்டுவிட்டது. இடுக்கிக்குப் பதில் மணிக்கட்டாக இருந்திருந்தால் மூன்று பேர் வால் பக்கத்தில் இருந்து பிரித்தெடுத்திருக்க வேண்டும். வலுவான சுருளைத் தலைப்பக்கம் இழுத்து அவிழ்க்க முடியாது. வாலில் இருந்துதான் அவிழ்க்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் அங்கே இருக்க வேண்டும். எட்டடிக்கு மேற்பட்ட பாம்பைத் தனியாகக் கையாளக்கூடாது என்று வளர்ப்பவர்களே விதி வைத்திருக்கிறார்கள். கொட்டகையில் உங்களோடு யார் நிற்கப்போகிறார்கள்? சம்மதமே இல்லாத மனைவியா, கற்பூரத்தோடு நிற்கும் அம்மாவா?

உங்களைப் பயமுறுத்தவேண்டி இதை எழுதவில்லை; ஆனால் எழுதாமல் விடவும் முடியவில்லை. 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புப் பர்மிய மலைப்பாம்பு ஒன்று இரவில் பெட்டியில் இருந்து வெளியேறி, தொட்டிலில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைக் கொன்றது. அந்தப் பாம்பின் நீளம் எட்டரை அடிதான். சரியாக இரை கொடுக்கப்படாமல் மெலிந்து இருந்தது. 2013இல் கனடாவில் ஒரு கட்டடத்தின் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயது, ஆறு வயதுச் சிறுவர்கள் இருவரும் அதேபோல இறந்தார்கள். அது ஆப்பிரிக்க மலைப்பாம்பு, கூண்டில் இருந்து காற்றுக்குழாய் வழியாக வந்தது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் இரண்டு இடத்திலும், பாம்பு வெளியே வராது என்றுதான் வளர்த்தவர்கள் நினைத்திருந்தார்கள்.

இதைவிட அடிக்கடி நடக்கக்கூடியது சால்மோனெல்லா. நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஊர்வனவும் இந்தக் கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று ஆரம்பித்துக் கடுமையாகலாம். பாம்பைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுவீர்கள், சரி. அதன் தண்ணீர்த் தொட்டியை எங்கே கழுவிக் கவிழ்ப்பீர்கள்? கிணற்றடியில்தானே?

வளர்ச்சி, தீனி, குளிர்

கூண்டின் அளவுக்கு மேல் பாம்பு வளராது என்பதை நான் மீன்தொட்டிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் அது உண்மையில்லை. இடம் சிறிதானால் பாம்பு குட்டையாக நின்றுவிடாது; நோயாளியாகும். பர்மிய மலைப்பாம்பு பெண் சாதாரணமாகவே பன்னிரண்டு அடியைத் தாண்டும். 2023இல் ஃபுளோரிடாவில் பிடிபட்ட ஒன்று 19 அடி இருந்தது. உங்கள் ஆறடிக் கூண்டு ஒன்றிரண்டு வருடத்துக்குள் போதாமல் போகும்.

கோழிக்கால் விஷயம் இன்னும் முக்கியம். மலைப்பாம்பு இரையை முழுசாக விழுங்குவது, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்துதான் அதற்குச் சுண்ணாம்பும் வைட்டமின்களும் கிடைக்கும் என்பதால். வெறும் தொடைக்கறி மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு வலுவிழக்கும். முழுக்கோழி, முயல், பெரிய எலி வேண்டும். அதையும் கொன்று கொடுக்க வேண்டும். உயிரோடு விட்டால் இரையும் வதைபடும், பசியில்லாத பாம்பை எலியே கடித்துக் குதறிவிடும். பெரிய இரை விழுங்கிய பிறகு பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டே நாளில் நாற்பது சதவீதம் வரை பெருத்துவிடும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். செரிமானம் அந்த உடம்புக்கு அத்தனை பெரிய வேலை. அந்த நாட்களில் ஆசையாக எடுத்துத் தோளில் போட்டுப் புகைப்படம் எடுத்தால், விழுங்கியதையெல்லாம் கக்கிவிடும். வாரம் ஒருமுறை என்ற கணக்கும் குட்டிக்குத்தான். வளர்ந்த பாம்புக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

மார்கழி, தை மாதத்துப் பனியில் உங்கள் தகரக் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூண்டின் ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேலும் மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் எப்போதும் இருக்க வேண்டும். மின்சாரம் போகிற இரவுகளில்? குளிரில் சளி பிடித்த மலைப்பாம்பு தலையை மேலே தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு மூச்சு விடும். உள்ளே பார்த்தால் நூல் நூலாக எச்சில், மூக்குத் துளையில் குமிழி. ஈறு அழுகத் தொடங்கினால் தயிர்போல மஞ்சள் படலம் கட்டும். செதிலுக்கடியில் உண்ணி, கண்ணைச் சுற்றிக் கருஞ்சிலந்திப்பேன். இவற்றுக்கு மருந்து உண்டு. ஆனால் ஆவணம் இல்லாத பாம்பை எந்த மருத்துவரிடம் கொண்டுவருவீர்கள்? நமது மாவட்டத்தில் மாடும் ஆடும் பார்க்கத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்வனவற்றில் பழக்கம் உள்ளவரைத் தேடி நாமக்கல்லுக்கோ சென்னைக்கோ போகவேண்டும். போனாலும் அவர் முதலில் கேட்பது அனுமதியைத்தான்.

அஞ்செட்டியில் விடுவது

அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. கூண்டில் வளர்ந்த பாம்பை அங்கே விடுவது அதற்குச் செய்யும் உபகாரமும் இல்லை, காட்டுக்குச் செய்யும் உபகாரமும் இல்லை. மஞ்சள் பாம்புக்கு ஒளிந்துகொள்ள நிறமில்லை. கழுகுக்கும் மனிதனுக்கும் தூரத்திலேயே தெரியும். அது தப்பிப் பிழைத்தாலோ இன்னும் மோசம். அங்கே இருக்கும் நாட்டு மலைப்பாம்போடு இணைசேரக்கூடிய நெருங்கிய உறவு அது. வளர்ப்புப் பாம்புகளில் பரவும் நோயும் ஒட்டுண்ணியும் கூடவே போகும்.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இதுதான் நடந்தது. வளர்க்க முடியாமல் விட்டவையும் தப்பியவையும் பெருகின. 2012இல் வெளியான ஆய்வில், பர்மிய மலைப்பாம்பு நீண்ட நாள் குடியிருந்த பகுதிகளில் ரக்கூன் என்ற சிறு பாலூட்டி கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்திருந்தது. பாம்போடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி உள்ளூர்ப் பாம்புகளையும் பிடித்தது. கடைசியில் 2017இல் நம் தமிழ்நாட்டு இருளர் இருவரைக் கடல் தாண்டி அழைத்துப்போய்ப் பாம்பு பிடிக்கச் சொன்னார்கள். கையில் கடப்பாரையோடு புதரில் நடந்து, தடம் பார்த்து அவர்கள் பிடித்துக் காட்டியது எனக்குப் பெருமையான செய்திதான். ஆனால் அஞ்செட்டியில் அந்த நிலை வந்தால் யாரை அழைப்பது?

மனைவியும் அம்மாவும்

உங்கள் மனைவி ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நீங்கள் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தில் அந்தக் கூண்டோடு வீட்டில் இருக்கப்போகிறவர் அவர். அவர் சொல்வதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் அந்த விஷயத்தைச் சரியாகக் கணக்குப் போட்டவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. அம்மாவிடம் விவாதம் வேண்டாம். புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மலைப்பாம்பு பால் குடிக்காது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

பாம்போடு பழகவேண்டும் என்ற ஆசைக்கு வழி இருக்கிறது. சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா உங்களுக்குப் பக்கம். கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை இரண்டையும் ஒருமுறை குடும்பத்தோடு பார்த்துவிட்டு வாருங்கள். பராமரிப்பாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஊரில் சாரை பிடித்து விடுவதையும் இனி வனத்துறைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அனுமதியின்றிக் காட்டுயிரைப் பிடிப்பது சட்டப்படி வேட்டையில் சேரும். வனச்சரக அலுவலகத்தில் போய்ப் பெயரைக் கொடுத்து, முறையான பயிற்சிக்கு வழி கேளுங்கள். உங்களைப்போன்ற ஆட்கள் அவர்களுக்கும் தேவைதான்.

ஓடைப்பக்கத்துப் பாம்பு

அதைப் பிடிக்கக்கூடாது, காரணம் மேலே சொல்லியாகிவிட்டது. அது தோப்பில் இருப்பதே உங்களுக்கு லாபம். எலியும் பெருச்சாளியும் குறையும். ஆடுகளில் குட்டிகளுக்குத்தான் ஆபத்து. இருட்டுவதற்குள் பட்டியில் அடையுங்கள். பட்டியைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். கோடையில் சருகுக்கு நடுவே அசையாமல் சுருண்டு கிடந்தால் முட்டையை அடைகாக்கிறதா என்று பார்க்க நெருங்காதீர்கள். தாய்ப்பாம்பு உடம்பை நடுங்கச்செய்து சூடேற்றி இரண்டு மாதம் போல முட்டையோடு கிடக்கும், தொந்தரவு செய்தால் கைவிட்டுவிடக்கூடும். வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறையின் 101க்கோ சொல்லுங்கள்.

பன்றிக்கும் மயிலுக்குமாகத் தோப்பைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தால் ஓடைப்பக்கம் மட்டுமாவது அவிழ்த்துவிடுங்கள். மலைப்பாம்பு பாதி நுழைந்து செதிலில் வலை மாட்டிக்கொண்டால் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. இழுக்க இழுக்க இழை சதைக்குள் இறங்கும். அப்படிச் சிக்கியதைப் பார்த்தால் நீங்களே அறுக்கப் போகவேண்டாம். வெயில் படாமல் ஈரச்சாக்கு ஒன்றைத் தள்ளி நின்று மேலே போட்டுவிட்டு, நாயைக் கட்டிவைத்து, ஆள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.